நாள் முழுக்கப் போதுமான தண்ணீர் குடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

"நல்லா தண்ணி குடிங்க" என்று டாக்டர் சொல்வார். நாமும் தலையாட்டிவிட்டு மருந்துச் சீட்டோடு வெளியே வந்துவிடுவோம். எவ்வளவு, எந்த நேரத்தில், வேலைக்கு நடுவே எப்படி என்பதையெல்லாம் அவருக்குச் சொல்ல நேரம் இருக்காது, நமக்கும் கேட்கத் தோன்றாது.

தண்ணீர் நல்லது என்று தெரியாமல் குடிக்காதவர்கள் மிகவும் குறைவு. கடையில் கழிப்பறை கிடையாது, மெஷினை விட்டு எழுந்தால் சூப்பர்வைசர் முறைப்பார், பஸ் வழியில் நிற்காது, ராத்திரி மூன்று முறை எழுந்திருக்க வேண்டும். பெரும்பாலும் இவைதான் காரணம். அதனால் இந்த வழிகாட்டியில் லிட்டர் கணக்கு கொஞ்சமாகத்தான் வரும். உங்கள் நாளுக்குள் தண்ணீரை எப்படிப் பொருத்துவது என்பதுதான் பெரும்பகுதி.

உடம்புக்குள் நடக்கும் கணக்கு

வளர்ந்த ஆணின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் தண்ணீர். பெண்களுக்கு 50 முதல் 55 சதவீதம், பிறந்த குழந்தைக்கு 75 சதவீதம் வரை இருக்கும். நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் போலத்தான் சிறுநீராக வெளியே வருகிறது. மீதி எல்லாம் உடம்புக்கே திரும்பிவிடுகிறது.

தண்ணீர் குறையும்போது மூளை வாசோபிரசின் என்ற ஹார்மோனை அனுப்பும். சிறுநீரகமும் கையை இறுக்கிக்கொண்டு சிறுநீரின் அளவைக் குறைக்கும். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. அன்றாடக் கழிவைக் கரைத்து வெளியே தள்ளுவதற்கு மட்டும் அரை லிட்டர் சிறுநீராவது வேண்டும். அதோடு மூச்சிலும் தோலிலும் போகும் தண்ணீரை நிறுத்த வழியே கிடையாது. தினமும் இந்த எல்லையை ஒட்டியே வாழ்பவர்களுக்குச் சிறுநீர் எப்போதும் கெட்டியாகவே இருக்கும். கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் போன்றவை கரைந்து போக இடமில்லாமல் படிகமாகும். சிறுநீரகக் கல்லின் தொடக்கம் இதுதான்.

விலாவில் தொடங்கி அடிவயிறு வரை இழுக்கும் அந்தக் கல் வலியை ஒருமுறை பட்டவர்களுக்கு இந்தப் பத்தியே தேவைப்படாது. அவர்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. இத்தாலியில் முதல்முறை கல் வந்த 199 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். ஆய்வு 1996இல் வெளியானது. ஒரு குழுவினர் நாளைக்கு இரண்டு லிட்டர் சிறுநீராவது போகும்படி தண்ணீர் குடித்தார்கள். இன்னொரு குழுவினர் வழக்கம்போல இருந்தார்கள். வழக்கம்போல இருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்குக் கல் திரும்ப வந்தது. தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. மருந்து எதுவும் இல்லாமல், தண்ணீரால் மட்டும் கிடைத்த பலன் இது.

படி 1: உங்கள் டம்ளரை அளந்துவிடுங்கள்

"நான் எட்டு டம்ளர் குடிக்கிறேன்" என்று சொல்பவர் வீட்டில் டம்ளர் 150 மில்லிதான் பிடிக்கும் என்றால் அவர் குடிப்பது 1.2 லிட்டர். ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி, வழக்கமாகக் குடிக்கும் டம்ளரிலோ சொம்பிலோ ஊற்றிப் பாருங்கள். எத்தனை முறை நிரம்புகிறது என்று ஒருமுறை தெரிந்தால் போதும். அலுவலகத்துக்கு எடுத்துப்போகும் பாட்டிலின் அளவையும் அடியில் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் அளவெடுக்கத் தேவையில்லை.

படி 2: நிறத்தைப் பாருங்கள்

போதுமான அளவு குடிக்கிறோமா என்று சொல்ல நம்மிடம் இருக்கும் நல்ல கருவி சிறுநீரின் நிறம்தான். வெளிறிய வைக்கோல் நிறம் என்றால் சரியான அளவு. அடர் மஞ்சள் என்றால் குறைவு. தேன் நிறத்துக்கோ டீ டிக்காஷன் நிறத்துக்கோ போய்விட்டால் உடனே குடிக்க ஆரம்பிக்க வேண்டும். குடித்த பிறகும் அந்த டீ நிறம் மாறாவிட்டால் மஞ்சள் காமாலை போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம், டாக்டரைப் பார்க்க வேண்டும். நாள் முழுக்க நிறமே இல்லாமல் வெறும் தண்ணீர் போலவே போனால் தேவைக்கு மேல் குடிக்கிறீர்கள் என்று பொருள்.

பார்க்கும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். காலையில் முதலில் போவது எல்லோருக்கும் அடர்த்தியாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். முற்பகலுக்குப் பிறகு போவதைப் பாருங்கள். கழிப்பறைப் பீங்கானில் ஏற்கெனவே தண்ணீர் தேங்கியிருந்தால் நிறம் வெளிறித் தெரியும், அதனால் கீழே விழுவதற்கு முன் பார்க்க வேண்டும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டால் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும். பீட்ரூட் சாப்பிட்டால் சிவக்கலாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை ஆரஞ்சு நிறம் தரும். இவற்றுக்காகப் பயப்பட வேண்டாம்.

எத்தனை முறை போகிறீர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். விழித்திருக்கும் நேரத்தில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது பொதுவாகச் சரி. காலை எட்டு மணிக்குப் போனவர் மாலை ஐந்து மணி வரை போகத் தோன்றவே இல்லை என்றால் அன்று தண்ணீர் போதவில்லை.

படி 3: உங்களுக்கான தொடக்க அளவு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஹைதராபாத்தில் இருக்கிறது. அது 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் நாளைக்குச் சுமார் எட்டு டம்ளர், அதாவது இரண்டு லிட்டர் என்று சொல்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2010இல் ஆண்களுக்கு இரண்டரை லிட்டர், பெண்களுக்கு இரண்டு லிட்டர் என்றது. இந்த ஐரோப்பியக் கணக்கில் சாப்பாட்டில் இருக்கும் தண்ணீரும் அடக்கம், அவர்கள் ஊர் குளிருக்கான கணக்கும் கூட.

சாப்பாட்டிலிருந்து வருவது சாதாரணமில்லை. வடித்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். அதன்மேல் ரசம், மோர், குழம்பு. வெள்ளரிக்காயில் 95 சதவீதம், தர்பூசணியில் 90 சதவீதத்துக்கு மேல். காபி, டீ குடித்தால் தண்ணீர் எல்லாம் வெளியே போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அளவாகக் குடித்தால் அவையும் கணக்கில் சேரும். மது சேராது. அது உடம்பிலிருக்கும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போகும்.

விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆரோக்கியமான ஒருவர் இரண்டு லிட்டரில் தொடங்கி, படி 2இல் சொன்ன நிறத்தைப் பார்த்து அரை டம்ளர், ஒரு டம்ளர் என்று கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். சித்திரை, வைகாசியில் கூடும், மார்கழியில் குறையும். ஏற்கெனவே கல் வந்தவர்களுக்கு இலக்கு வேறு. நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும் என்று சிறுநீரக மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதற்கு மூன்று லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டியிருக்கும். விடுமுறை நாள் ஒன்றில் சிறுநீரை ஒரு அளவுக் குடுவையில் பிடித்து, கூட்டிப் பார்த்துவிடுங்கள். கல் வந்தவர்கள் படுக்கப்போகும்போது ஒரு டம்ளர், நடுவில் எழுந்தால் அரை டம்ளர் குடிப்பதும் நல்லது. சிறுநீர் அதிகம் கெட்டியாவது இரவில்தான். வாழைத்தண்டுச் சாறு குடிப்பவர்கள் குடிக்கலாம், தண்ணீரைக் குறைக்காமல். பீர் குடித்தால் கல் கரையும் என்று சொல்லி அனுப்புகிறவர்களை மட்டும் நம்ப வேண்டாம்.

படி 4: வெயிலில் வேலை செய்பவர்கள் வியர்வையை எடை போட்டுப் பாருங்கள்

கட்டட வேலை, உப்பளம், செங்கல் சூளை, வயல், டெலிவரி, போக்குவரத்துக் காவல், ஓட்டலில் அடுப்படி வேலை. இவர்களுக்கெல்லாம் இரண்டு லிட்டர் என்ற பேச்சே பொருந்தாது. கடும் வெயிலில் உழைக்கும்போது ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல்கூட வியர்வையாகப் போகும்.

உங்களுக்கு எவ்வளவு போகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு எடை மெஷின் போதும். வேலைக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த துணியோடு எடை பாருங்கள். நான்கு மணி நேர வேலை முடிந்ததும், வியர்வையைத் துடைத்துவிட்டு, நனைந்த சட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. முதலில் 62.4 கிலோ, பிறகு 61.2 கிலோ, நடுவில் ஒரு லிட்டர் குடித்தீர்கள் என்றால், போனது 1.2 லிட்டரோடு குடித்த ஒரு லிட்டரும் சேர்ந்து 2.2 லிட்டர். மணிக்கு 550 மில்லி. இடையில் சாப்பிட்டிருந்தாலோ சிறுநீர் போயிருந்தாலோ கணக்கு கொஞ்சம் மாறும், பரவாயில்லை. இனி அந்த வேலைக்குப் போகும்போது மணிக்கு இரண்டு டம்ளருக்குக் கொஞ்சம் மேல் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் குறைய விடக் கூடாது. 60 கிலோ ஆளுக்கு அது 1.2 கிலோ. அதற்கு மேல் போனால் தலைவலி, தள்ளாட்டம், கவனச் சிதறல் எல்லாம் வரும். சாரத்தின் மேல் நிற்பவருக்கு அது உயிர் ஆபத்து.

குடிக்கும் முறை: பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதீர்கள். உழைக்கும்போது தாகம் தாமதமாகத்தான் வரும். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போகவும் கூடாது. ஏன் என்று படி 9இல் வருகிறது.

மேஸ்திரிகளும் முதலாளிகளும் இதைப் படித்தால் அவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர் மட்டும் வைத்தால் போதாது, நிழலும் ஓய்வும் சேர்ந்தே வர வேண்டும். நிகரகுவா, எல் சால்வடார் நாடுகளில் கரும்பு வெட்டும் இளைஞர்கள் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாமலே சிறுநீரகம் செயலிழந்து இறந்திருக்கிறார்கள். கடும் வெயிலில் தினமும் செய்யும் உழைப்பும் நீரிழப்பும் அதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகின்றன. தமிழ்நாட்டு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பிற்பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை திறந்தவெளி வேலையை நிறுத்தி, விடிகாலையில் தொடங்குவது எந்தச் செலவும் இல்லாத ஏற்பாடு.

படி 5: கழிப்பறையைச் சுற்றி நாளைத் திட்டமிடுங்கள்

இந்த வழிகாட்டியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் படிதான்.

பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் நிற்கும் பெண்ணைக் கவனியுங்கள். காலை ஒன்பதரைக்குள் வந்தாக வேண்டும். ஊழியர்களுக்கான கழிப்பறை மேல்தளத்தில். போக வேண்டுமென்றால் ஃப்ளோர் மேனேஜரிடம் சொல்ல வேண்டும், அவர் ஆண். கூட்ட நாளில் "இப்பதானே போன?" என்ற கேள்வி வரும். அந்தப் பெண் வேறு என்ன செய்வார்? வீட்டிலிருந்து கிளம்பும்போதே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார். மதியச் சாப்பாட்டோடு ஒரு டம்ளர், அவ்வளவுதான். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் நீர்க்கடுப்பு. வகுப்பறையை விட்டு நகர முடியாத ஆசிரியை, காவல் பணியில் நிற்கும் பெண் போலீஸ், நீண்ட தூர ரயிலில் போகும் பெண்கள் எல்லோருக்கும் இதே கதைதான். கழிப்பறை அழுக்காக இருக்கும் என்பதற்காகப் பள்ளியில் தண்ணீரே குடிக்காத பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

குறைவாகக் குடிப்பதற்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் இருக்கும் தொடர்பு வெறும் பாட்டி வைத்தியப் பேச்சு இல்லை. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் 140 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. எல்லோரும் நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறைவாகக் குடித்து வந்தவர்கள். பாதிப் பேர் மட்டும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தார்கள். ஓராண்டில் அவர்களுக்குத் தொற்று சராசரியாக 1.7 முறை வந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை.

நிலைமை மாறும் வரை சமாளிக்க இப்படிச் செய்யலாம்.

எழுந்ததும் இரண்டு டம்ளர். இதைக் கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். அதிகப்படியாக இருப்பது ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வெளியே வந்துவிடும், கிளம்பும் முன் கழிப்பறைக்குப் போய்விடலாம். டிபனோடு ஒரு டம்ளர். உணவோடும் உப்போடும் போகும் தண்ணீர் உடம்பில் கொஞ்சம் அதிக நேரம் தங்கும். வேலை இடத்தில் பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்யாமல், வாடிக்கையாளர் மாறும் இடைவெளிகளில் இரண்டு இரண்டு வாயாகக் குடியுங்கள். மடமடவென்று குடித்தால் சீக்கிரம் முட்டும், மெல்லக் குடித்தால் முட்டாது. மதியச் சாப்பாட்டு இடைவேளை தொடங்கியதும் முதலில் ஒரு டம்ளர், சாப்பாட்டோடு இன்னொன்று, மறுபடி வேலைக்கு நிற்கும் முன் கழிப்பறை. மாலை வீடு திரும்பியதும் இரண்டு டம்ளர். இரவுச் சாப்பாட்டோடு ஒன்று. இப்படியே இரண்டு லிட்டர் வந்துவிடும்.

பஸ்ஸில் நெடுந்தூரம் போவதாக இருந்தால் முந்தின நாளே நன்றாகக் குடியுங்கள். பஸ்ஸில் மணிக்குச் சில வாய் போதும். எங்கே நிறுத்துவார்கள் என்று நடத்துனரிடம் ஏறும்போதே கேட்டுக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு டம்ளர் குடிக்கலாம்.

இவையெல்லாம் தற்காலிக ஏற்பாடு. கழிப்பறை கேட்பது உரிமை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே குடிநீரையும் கழிப்பறையையும் கட்டாயமாக்கியது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கோடையில் குளிர்ந்த நீர் தர வேண்டும் என்றும், குடிநீர் இடத்தில் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் எழுதி வைக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 2021இல் வந்தது. அந்த இருக்கைக்கு அடுத்ததாக, அனுமதி கேட்கத் தேவையில்லாத கழிப்பறை இடைவேளையை ஊழியர்கள் ஒன்றாகச் சேர்ந்து கேளுங்கள். தனியாகக் கேட்டால் ஒருவர் பெயர் கெடும், நான்கு பேராகக் கேட்டால் கோரிக்கையாகும்.

பிள்ளைகளுக்கு: கேரளப் பள்ளிகளில் 2019இல் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கும் வழக்கம் தொடங்கியது. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் 2025இல் அது வந்தது. மாலையில் பையைத் திறந்து பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். கொடுத்தனுப்பியபடியே கனமாக இருந்தால், திட்டாமல் கழிப்பறை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம் அது.

படி 6: வியர்வையோடு போன உப்பையும் திருப்பிக் கொடுங்கள்

வியர்வை கரித்தால் அதில் உப்பு போகிறது. வெயிலில் சில மணி நேரம் உழைத்தவர் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் கெண்டைக்காலில் பிடித்துக்கொள்ளும், குமட்டும். நம் வீடுகளில் இதற்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. உப்பும் பெருங்காயமும் போட்ட நீர்மோர், பழைய சோற்று நீராகாரத்தில் கல்லுப்பு, எலுமிச்சைச் சாற்றில் உப்பும் சர்க்கரையும். இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. அதனால் நிறைய வியர்த்தவருக்கு இளநீர் மட்டும் போதாது, கூடவே உப்புள்ள சாப்பாடும் வேண்டும். நிழலில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு இந்தக் கூடுதல் உப்பு எதுவுமே தேவையில்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தாங்களாகவே உப்பைக் கூட்டக் கூடாது.

வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால் ஓஆர்எஸ் என்னும் உப்பு, சர்க்கரைக் கரைசல். 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்து, உறவினர்களே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். 30 சதவீதம் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. 2023இல், அவர் மறைந்த பிறகு, பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

பாக்கெட் வாங்கும்போது அது ஒரு லிட்டருக்கா, 200 மில்லிக்கா என்று படித்துப் பாருங்கள். இரண்டும் கடையில் இருக்கின்றன. ஒரு லிட்டர் பாக்கெட்டில் கொஞ்சம் கொட்டி ஒரு டம்ளரில் கலக்கும் பழக்கம் வேண்டாம், முழுதாகக் கலக்கி 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு ஓஆர்எஸ் என்ற பெயரில் விற்ற பானங்கள் பலவற்றில் சர்க்கரை மிக அதிகம், அது வயிற்றுப்போக்கைக் கூட்டும். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப் பெயர் போடுவதைத் தடை செய்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று எழுதிய பொடியை மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

பாக்கெட் கிடைக்காத இரவில் வீட்டிலேயே கலக்கலாம். கொதித்து ஆறிய தண்ணீர் சரியாக ஒரு லிட்டர். 5 மில்லி பிடிக்கும் டீஸ்பூனில் சர்க்கரையை அள்ளி, கத்தியின் முதுகால் மேலே இழுத்துச் சமமாக்குங்கள். அப்படி ஆறு ஸ்பூன். உப்பு அதே மாதிரி சமமாக்கிய அரை ஸ்பூன். கரைத்ததும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், கண்ணீரை விடக் கரிக்கக் கூடாது. கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. வாந்தி எடுக்கும் குழந்தைக்கு ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று பொறுமையாகக் கொடுத்தால் உள்ளே நிற்கும்.

படி 7: எந்தத் தண்ணீர்

கொதிக்க வைப்பதென்றால் குமிழ்கள் தளதளவென்று வந்த பிறகு ஒரு நிமிடம். கிருமிகளுக்கு அது போதும். ஆனால் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்றுவதால் கொஞ்சம் கூடவே செய்யும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆழ்துளைக் கிணற்றில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அந்தப் பக்கம் இருப்பவர்கள் குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் காவிரித் தண்ணீரையே எடுங்கள், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் துவைக்கவும் குளிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேன் தண்ணீரை வெயில் படும் வாசலில் வைக்காதீர்கள். மண்பானையில் குளிர்வது நல்ல குளிர்ச்சி. வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி வெயிலில் காய வைத்து, நீளக் கைப்பிடி உள்ள அகப்பையால் மொள்ள வேண்டும், டம்ளரை விரலோடு முக்கக் கூடாது. சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் செரிக்காது, நின்றுகொண்டு குடித்தால் மூட்டு வலி வரும் என்று வாட்ஸ்அப்பில் வருபவற்றுக்கு ஆதாரம் கிடையாது.

படி 8: கணக்கு மாறும் ஆட்கள்

ஆறு மாதம் முடியாத குழந்தைக்குத் தண்ணீரே வேண்டாம், கோடையிலும் வேண்டாம். தாய்ப்பாலில் 88 சதவீதம் தண்ணீர்தான். பெரியவர்கள் "பிள்ளைக்கு நாக்கு வறளும்மா, ஒரு பாலாடைத் தண்ணி கொடு" என்பார்கள். அவர்கள் அன்பில் சொல்கிறார்கள், பதிலுக்கு இன்னொரு முறை பால் கொடுங்கள். பால் கொடுக்கும் தாய்க்குத்தான் கூடுதலாக மூன்று டம்ளர் போல வேண்டும். ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கும்படி வீட்டில் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

வயதானவர்களுக்குத் தாக உணர்வே மங்கிவிடும். சிறுநீரகமும் தண்ணீரை முன்போல மிச்சம் பிடிக்காது. திடீரென்று அவர்கள் தடுமாறினாலோ பேச்சு குழம்பினாலோ நீர்ச்சத்துக் குறைவும் காரணமாக இருக்கலாம். பக்கவாதத்திலும் இப்படி ஆகும் என்பதால் உடனே காட்ட வேண்டும். "தண்ணி குடிங்க பாட்டி" என்றால் "ராத்திரி எழுந்துக்க முடியலப்பா" என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது, இருட்டில் விழுந்து இடுப்பு உடைந்தவர்கள் எத்தனை பேர். எனவே முக்கால் பங்குத் தண்ணீரைக் காலை ஆறிலிருந்து மாலை ஐந்துக்குள் கொடுத்துவிடுங்கள். மாத்திரை சாப்பிடும் ஒவ்வொரு வேளையும் முழு டம்ளர். பதினொரு மணிக்கு மோர், மூன்று மணிக்குத் தர்பூசணியோ சாத்துக்குடியோ. கால் வீங்குபவர்கள் மாலையில் ஒரு மணி நேரம் காலைத் தூக்கி வைத்துப் படுத்தால், காலில் தேங்கியது தூங்கும் முன்பே சிறுநீராகப் போய்விடும். கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு ஒன்று போடுங்கள்.

இதயம் பலவீனமானவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், கல்லீரல் நோயால் வயிறு வீங்கியவர்கள், நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்த வழிகாட்டியில் உள்ள எந்த அளவையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டர் சொன்ன மில்லி கணக்குதான் உங்களுக்கு. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் இளநீரையும் கேட்காமல் குடிக்கக் கூடாது, பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே நிற்கலாம். அப்புறம், எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்காமல், அடிக்கடி சிறுநீர் போய், எடையும் குறைகிறதென்றால் சர்க்கரை பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

படி 9: அதிகமாகவும் வேண்டாம்

சிறுநீரகத்தால் மணிக்கு ஒரு லிட்டர் வரைதான் வெளியேற்ற முடியும். குறுகிய நேரத்தில் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதித்த ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்கு மிக அதிகமாகக் குடித்ததுதான் அதற்கு முக்கியக் காரணம். வெறும் வயிற்றில் ஒன்றரை லிட்டர் குடிக்கச் சொல்லும் வைத்தியங்களும், யார் அதிகம் குடிப்பது என்ற பந்தயங்களும் வேண்டாம்.

படி 10: தண்ணீரால் தீராத நேரம்

வெயிலில் வேலை செய்துகொண்டிருந்தவருக்குத் தலை சுற்றி, தோல் பிசுபிசுத்து, குமட்டினால் நிழலுக்குக் கூட்டிப்போய்க் காலை உயர்த்திப் படுக்க வைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய் வாயாகக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெளியாவிட்டால் ஆஸ்பத்திரி.

உடம்பு கொதித்து, ஏதேதோ பேசினாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்பத் தாக்கு. உடம்புச் சூடு 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டிருக்கும். 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை காத்திருக்காமல் உடனே குளிர்விக்க ஆரம்பியுங்கள். சட்டையைக் கழற்றி, குடம் குடமாகத் தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணியோ ஐஸோ வையுங்கள். நினைவு இல்லாதவரின் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.